சேவல் இல்லாத சன்னல்

இடது வரிசையில் ஐந்தாவது சன்னல்.
தீயருகே குளிர்காய்கிறார் இராயப்பர்.
பக்கத்தில் வேலைக்காரி, நீட்டிய விரல்.
மேலே சேவல் இருந்த இடத்தில்
இப்போது வெறுங்கண்ணாடி.
குரங்கு உலுக்கிய கிளை விழுந்து நொறுங்கியதும்
செவ்வாய்ப்பேட்டைக் கடையில் அளவு கொடுத்து
வெட்டி வந்து ஒட்டினார் கோயில்பிள்ளை.
"வர்ணக் கண்ணாடிக்கு வரி பிரிக்கணும்" என்றார்.
கோயில் கணக்கு என்னிடம்.
நான்தான் தள்ளிப்போடுகிறேன்.

கானாவூர்ச் சாடிகள் ஆறும் முழுசு.
கடல்மேல் நடப்பவர் பாதத்தில் விரிசலில்லை.
எட்டு மணிப் பூசைக்குள் ஏற்காட்டு வெயில்
சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி வந்து
பெத்லகேமின் நீலத்தை
லூர்து டீச்சரின் வெள்ளைச் சேலையில் கொட்டும்.
என் மடியில் மட்டும் நிறமில்லாத வெளிச்சம்,
உள்ளங்கை அகலம்.

போனஸ் கேட்டு எஸ்டேட் வாசலில் உட்கார்ந்த வருடம்
பங்களாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள்:
"இன்னாசியோடு நீயும் இருந்தியா?"
வெளியே பனி.
கையில் காப்பி கொடுத்திருந்தார்கள், சூடாக.
அவனைப் பழக்கமில்லை என்றேன்.
மூன்று தரம் கேட்க அவர்களுக்கு நேரமில்லை.
இன்னாசி மலை இறங்கிப் போனான்.
லீ பஜாரில் மூட்டை தூக்குவதாகக் கேள்வி.

அதனால் இங்கே உட்காருகிறேன்,
கூவ எதுவுமில்லாத சன்னலுக்குக் கீழே.

இன்று நடுப்பூசையில் பனி விலகியது.
வெறுங்கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
மதில்மேல் ஏறி நின்றது
குவார்ட்டர்ஸ் சேவல் ஒன்று,
கொண்டை சாய்ந்து, ஈரமாக.
கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது.
அதே நேரம் பூசைப்பையன் மணியடித்துவிட்டான்.

கூவியதா, தெரியவில்லை.
எல்லாரும் முட்டிபோட்டிருந்தார்கள்.
நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.