பாடி மட்டும்

"லென்ஸ் வேணாம், நாலு இருக்கு.
பாடி மட்டும் போதும்.
மேல அடிபட்டிருந்தா பரவாயில்ல,
உள்ள எதுவும் அழுகியிருக்கக் கூடாது" என்று
பாகாயம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்
போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரர்
டிபன் பையைத் தூக்கிக்கொண்டு
முன்பக்கம் போய் நின்றார்.
ஆஸ்பத்திரி ஊரில்
கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கலாம்.

வைகாசியில், தோட்டப்பாளையம் மண்டபத்தில்,
கெட்டிமேளம் ஏறிய நேரம்
என் டிஜிட்டல் கண்ணை மூடிக்கொண்டது.
கார்டா, பேட்டரியா, அக்னி வெயிலா,
சர்வீஸ்காரனுக்கே இன்றுவரை தெரியாது.
மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடிக்கும்வரை
எல்லாம் என் வெறுங்கண்ணில்தான் விழுந்தது.
அங்கிருந்து எந்தக் கார்டிலும் ஏற்ற முடியவில்லை.
"மாப்ள, இன்னொரு தடவை, கட்டுற மாதிரி" என்றேன்.
கட்டினார், கட்டுகிற மாதிரி.
முதல் தடவை தரையைப் பார்த்திருந்த ரேணுப்பிரியா
இரண்டாம் தடவை என்னைப் பார்த்தாள்.
ஆல்பத்தில் ஏழாம் பக்கம்.
அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்த படம் அதுதான்.

டில்லிபாபு எனக்கு லைட் பிடிக்கிறவன், கணக்கும் பார்க்கிறவன்.
"அக்கா, செகண்ட்ஸ்ல இன்னொரு டிஜிட்டல் எடு.
ஃபிலிம்னா ஒரு சொடுக்குக்கு இருபத்தெட்டு ரூபா,
கழுவ மெட்ராஸுக்கு அனுப்பணும்."
சரிதான்.
ஆனால் டில்லி,
ஒரே வியாதியில் இரண்டும் சாகுமென்றால்
அதற்குப் பெயர் மாற்று இல்லை,
ஜோடி.

லாங் பஜார் சந்தில் நயாஸ் பாஷா
பழைய பேப்பரை விரித்து இரண்டை வைத்தார்.
ஒன்று தானே ஃபோகஸ் பண்ணும், தானே சுற்றிக்கொள்ளும்,
பேட்டரி போனால் செங்கல்.
மற்றது, மூலைகளில் பித்தளை தெரியத் தேய்ந்தது.
"மீட்டர் செத்துப்போச்சும்மா,
மத்தபடி உயிரோட இருக்கு."
காதில் வைத்து ஒவ்வொரு வேகமாக அழுத்திப் பார்த்தேன்.
முப்பதில் லேசாக இழுத்தது,
தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி.
ஒரு விநாடியை முழுசாக எண்ணியது.
வெயிலை அளக்க
வேலூர்க்காரிக்கு முள் எதற்கு?
பதினொரு மணிக்குப் பதினாறு,
பந்தல் நிழலில் ஐந்து புள்ளி ஆறு,
மண்டபத்து ட்யூப்லைட்டில்
மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.
ஆறாயிரம் சொன்னார். ஐயாயிரத்து இருநூறு.
தேதி முடிந்த ரோல் ஒன்றைப் போட்டு
ஓட்டிப் பாரும்மா என்று கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில், ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஏறி
என் பக்கத்தில் உட்கார்ந்தவர் வங்காளத்துக்காரர்.
மடித்த எக்ஸ்ரே கவருக்கு மேல்
ஹவுரா ரயிலுக்கு இரண்டு டிக்கெட்.
"காட்பாடி, காட்பாடி" என்று
கண்டக்டர் கத்தும்போதெல்லாம்
தலை நிமிர்ந்தார்.
பிறகு போனில் யாரிடமோ,
எனக்குத் தெரியாத மொழியின் நடுவே,
எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னார்.
திரும்பவும் சொன்னார்.
காலையில் நான் சொன்ன அதே சொல்.
விலை கேட்கிற அதே குரல்.

டில்லி கூப்பிட்டான். எடுக்கவில்லை.
வாங்கியாச்சா என்று கேட்பான்.
எதை என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பாலாற்றுப் பாலத்தின் மேல் பையைத் திறந்தேன்.
முன்மூடி எங்கோ கழன்றிருந்தது.
புது ரோலில் முதல் இரண்டு படம் கணக்கில் சேராது,
ஒன்றுக்கு வரும்வரை சும்மா சொடுக்க வேண்டும்.
அவர் பக்கம் திருப்பவில்லை.
மடியில் வைத்து ஜன்னல் பக்கம், மணலைப் பார்த்து.
லென்ஸ் இல்லாத உடலுக்குள்
உருவம் விழாது,
வெளிச்சம் மட்டும் விழும்.
சொடுக்கினேன். சுற்றினேன். சொடுக்கினேன்.

கழுவி வரும்போது இரண்டும்
அட்டைக் கருப்பாக இருக்கும்.
முனையை வெட்டி எறிந்துவிடாதீர்கள் என்று
லேபுக்குச் சீட்டு எழுதி வைக்க வேண்டும்.