இலையானுக்கு ஒரு சூடைத்தலை

கன்னியாப் பாதையில்
ஒரு வளவின் மின்மானியை வாசிக்கப்
பற்றைக்குள் இறங்கினேன்.
கல்லிடுக்கில் நின்றது:
விரல் தடிப்பு, நாலு விளிம்பு, ஓர் இலை இல்லை.
பில்லை வாங்கிய குலவீரசிங்கம்
ஒரு துண்டு முறித்துக் கையில் வைத்தார்.
"கள்ளிமுளையான். சீனிக்கு நல்லது.
பசியும் அடங்கும்."
எனக்குச் சீனி என்று இவருக்கு யார் சொன்னது?
வந்ததும் தண்ணீர் கேட்டிருந்தேன்,
இரண்டு செம்பு.

கள்ளி என்று பேர், முறித்தால் பால் இல்லை.
முளையான் என்று பேர், முளைக்கவில்லை.
அன்றே நட்டேன், அன்றே ஊற்றினேன்,
மறுநாளும், அதற்கடுத்த நாளும், பாசத்தோடு.
ஒன்பதாம் நாள் தொட்டால்
அடி கூழ்.

தப்பிய நுனியைச் சவர அலகால் வெட்டி
மின்மானிப் புத்தகத்தின் மேல்
ஆறு நாள் காயவிட்டேன்.
காயம் தோல் போர்த்த பிறகுதான்
மண் கொடுக்கலாம் என்பது
அது செத்துச் செத்துச் சொல்லித் தந்த கணக்கு.
டச்சுக்குடா மணல், மூன்று தரம் அலசி உப்பெடுத்தது.
உடைத்த ஓடு. பாதி நிழல்.
பதினைந்து நாளைக்கு ஒருதரம்
போத்தல் மூடியால் ஒரு மூடி.
அலகுகள் எழுதுகிற அதே பேனையால்
அதையும் எழுதினேன்.

கோட்டையடி மான்கள் இரவில் வரும்.
செவ்வரத்தையைத் தின்றன,
இந்திரவதனியின் துளசியைத் தின்றன,
கொடியில் கிடந்த என் சீருடைக் கையைச்
சப்பியும் பார்த்தன.
இதை முகர்ந்துவிட்டு ஒன்று தும்மியது.
அன்றுதான் எனக்கு இதன்மேல் மரியாதை வந்தது.

கச்சான் காற்றில் சுருங்கி, மாரியில் உப்பி,
இரண்டு வருடத்தில் சாடி நிறைந்தது.
ஒரு தண்டை விளிம்பு சீவி, புளி விட்டு வதக்கித் தின்றேன்.
பசி அடங்கவில்லை, கோபம் வந்தது.
கிளினிக் மாத்திரையை நான் விடவுமில்லை.

தை கடைசியில் நுனியில் ஓர் உருண்டை,
கறுத்த ஊதா, உள்ளே மஞ்சள் வளையங்கள்.
கூப்பிட்டுக் காட்ட ஆள் தேடுவதற்குள்
மணத்தது.
கீழ்வீட்டு ஹபீலா அலுமாரியை இழுத்து எலி தேடினாள்.
நானும் கூடத் தேடினேன்,
தெரிந்துகொண்டே, இரண்டு நாள்.

இலையில்லாத செடிக்கு
இலையான்கள்தான் விருந்து வந்தன.
பச்சை மினுங்கும் ஒன்று
பூவின் குழிக்குள் பின்புறம் தாழ்த்தி
வெள்ளையாய், அரிசிக் குறுநொய் மாதிரி
இட்டுவிட்டுப் பறந்தது.
இறைச்சி என்று நம்பி.

மூன்றாம் நாள் கண்ணாடி போட்டுக் குனிந்தேன்.
பொரித்தவை நெளிந்தன, தேடின,
நின்றன.
பசியை அடக்கும் செடி என்றார்களே,
அது இப்படித்தானா?

அன்றிரவு சந்தையில் வாங்கிய சூடையில்
ஒரு தலையைச் சாடியோரம் வைத்தேன்.
"உங்களுக்கு விசர்" என்றாள் இந்திரவதனி,
மற்றத் தலையையும் தந்தாள்.
விடியப் பார்த்தால் இரண்டும் இல்லை.
பூனையோ காகமோ.
அதைக் கணக்கில் எழுதவில்லை.

மறுநாள் பாலையூற்றில்
நாலு மாதம் கட்டாத வீடு.
ப்யூஸைக் கழற்ற வேண்டும், என் வேலை அது,
பதினேழு வருடமாய்.
படலையைத் தட்டக் கை போனது.
குசினியில் யாரோ வெங்காயம் வதக்குகிற மணம்,
உள்ளே வானொலி, சிரிப்பு.
'கதவு பூட்டு. ஆளில்லை'
என்று எழுதிவிட்டுச் சைக்கிளை உருட்டினேன்.
அடுத்த மாதம் வேறொருவன் வருவான், தெரியும்.

பூ வாடிய இடத்தில் இப்போது
இரண்டு கொம்பாய் ஒரு காய்.
வெடித்தால் பஞ்சு பறக்குமாம்.
இன்றைக்கு ஒரு மூடி.