பிடி

நவம்பர் பிறந்ததும் சுண்டுவிரல் என்னைவிட்டுப் போயிற்று.
முதலில் அது. பிறகு மோதிர விரலில் பாதி.

பீங்கானில் பல் செய்யும் வேலை எனக்கு.
கடைவாய்ப் பல்லின் பள்ளத்தைத்
தூரிகை நுனியால் இழைக்கும்போது
சுண்டுவிரல்தான் மேசையில் ஊன்றிக்கொள்ளும்.
அது மரத்துப்போனால்
முன்பின் தெரியாத ஒருவர்
ஆயுள் முழுக்கக் கோணலாக மெல்லுவார்.

ஷிஷ்காவிலிருந்து ஆற்றைத் தாண்டிப் பட்டறைவரை
ஆறு கிலோமீட்டர்.
காஷ்பர் விட்டுப்போன பந்தய சைக்கிள்.
கடாவின் கொம்புபோல் சுருண்டு இறங்கும் ஹேண்டில்பார்.
அவனுக்கும் அப்போது கொம்பு முளைத்திருந்தது,
பொருத்தமாகத்தான் இருந்தது.
நான் குனிந்து போய்க் குனிந்து வந்தேன்
பதினொரு ஆண்டுகள்,
தரையில் எதையோ தொலைத்தவள்போல.

டாக்டர் சொன்னார்: சைக்கிளை விடு.
யெர்ட்சா சொன்னாள்: ஹேண்டில்பாரை விடு.

ரயில் பாலத்தடியில் அவள் கடை.
சுவரெல்லாம் கொம்புகள்.
வேட்டைக்காரன் வீட்டுக்கு வழிதவறி வந்துவிட்டேனோ
என்று நின்றேன்.
"வாரம் ஒன்றாக மாட்டித் தருகிறேன்,
கை என்ன சொல்கிறதென்று கேள்"
என்றாள், வாயில் ஸ்பானரைக் கவ்வியபடி.
அந்தப் பல்லை நினைத்து எனக்குக் கூசியது.

முதல் வாரம் நேர்க்கம்பு.
துடைப்பக் கட்டையை வெட்டி வைத்ததுபோல.
சந்து திரும்பச் சொன்னால் திரும்பியது,
குறை சொல்ல முடியாது.
ஆனால் மணிக்கட்டு முறுகி,
உள்ளங்கை உடம்பையே சுமந்து,
வியாழக்கிழமை ஒரு வெட்டுப்பல்
கையிலிருந்து நழுவி இரண்டானது.

அடுத்தது மீசை.
பெயரே அதுதான்.
நுனி இரண்டையும் முறுக்கிவிட்ட சிப்பாய் மீசை.
பார்க்கப் பிடித்தது.
பிடிக்கப் பிடிக்கவில்லை.

பிறகு வண்ணத்துப்பூச்சி என்று ஒன்று,
எட்டுப் போட்டு வளைந்தது.
சந்தையில் ஒரு அம்மாளின் முட்டைக்கோஸ் பையைக்
கொத்தி இழுத்துக்கொண்டு ஓடியது.
அன்று மாலையே திருப்பிக் கொடுத்தேன்.

யெர்ட்சா பெட்டியின் அடியைத் துழாவினாள்.
பின்பக்கம் வளைந்த ஒன்று,
நாற்காலிக் கைபோல, மங்கிய குரோமில்.
விலை ஒரு ஜோடிக் கையுறையைவிடக் குறைவு.
"இது கிழவிகள் வண்டிக்கு" என்றேன்.
"என் வண்டிக்கும்" என்றாள்.
அவளுக்கு இருபத்தாறு வயது.

பிரேக் கம்பி எட்டவில்லை, நீளமாக வேறு இழுத்தாள்.
நடக்கும்போது கை எப்படித் தொங்குமோ
உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி,
அப்படியே தூக்கி வைத்தால் பிடி அங்கே இருந்தது.
முதுகு ஒவ்வொரு எலும்பாக எழுந்து உட்கார்ந்தது.

பாலத்து டிராகன்களை
அன்றுதான் முகத்துக்கு முகம் பார்த்தேன்.
மேல்வரிசை சரியில்லை.
செய்தவர் அவசரப்பட்டிருக்கிறார்.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன்.
எதிர்காற்று மார்பில் கதவுபோல் சாத்துகிறது.
நான்கு நிமிடம் தாமதம்.
பள்ளிக்கூடப் பையன்கள் மணியடித்து முந்துகிறார்கள்.
மணிக்கட்டிலிருந்து கிளம்பிய வலி
நேரே இருக்கைக்குக் குடிபோனது;
அகலமான சீட் ஒன்றுக்கும் காசு அழுதேன்.
ஆனாலும் எதிரே வருகிறவர்களுக்கு
முகம் இருக்கிறது இப்போது.
பேக்கரி வாசலில் தினமும் கொட்டாவி விடுகிறவருக்குக்
கீழ்க்கடைவாயில் தங்கம்.

கொம்பை அனுப்பவா என்று காஷ்பருக்கு எழுதினேன்.
எந்தக் கொம்பு என்று பதில் வந்தது.
அது பட்டறைச் சுவரில், ஆணியில்.
அதில் ஏப்ரனை மாட்டுகிறேன்.

டிசம்பர் நடுவில், மூடுபனி விலகாத ஒரு காலை,
சுண்டுவிரல் திரும்பி வந்தது,
எறும்பு ஊர்வதுபோல், தயங்கித் தயங்கி.
எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை.
தூரிகையை எடுத்துக்கொண்டு
மேசையில் ஊன்ற அதற்கு இடம் விட்டேன்.