ஒரு சாண்

ஒப்பந்தம் மூன்று பக்கம், சிங்களத்தில்.
மூன்றிலும் தமிழில் கையெழுத்து வைத்தேன்.
மாதம் முப்பத்தையாயிரம், பஸ் காசு தனி.
பந்துப் பையைச் சுமப்பது
எழுதாத நிபந்தனை.

முதல் சம்பளத்தில் கையுறை.
விலையைக் கேட்டதும் கழற்றி வைத்துவிட்டுக்
கண்டி பஸ் நிலையம் வரைக்கும் நடந்தேன்.
ஹட்டன் பஸ் புறப்படும்வரை நின்றேன்.
அதில் ஏறவில்லை.
திரும்பிப்போய் வாங்கினேன்.

கீப்பர்கள் நாங்கள் மூன்று பேர்.
ரிஸ்மி நானா நிற்பார்.
சம்பத் பெஞ்சில் இருப்பான்.
நான் வலைக்குப் பின்னால்
தவறிப்போகும் பந்துகளைப் பொறுக்குவேன்.
பதினொரு மாதம்.
ஜெர்சியில் இருபத்திரண்டு,
அதற்கு மேல் என் பெயர், ஓர் எழுத்துக் குறைவாய்.
சொன்னேன்.
அடுத்த சீசன் பார்ப்போம் என்றார் செயலாளர்,
அடுத்த சீசனில் நான் இருப்பேனா என்று
அவருக்கே தெரியாமல்.

நானாவுக்குத் தோள் விலகியது ஒரு சனிக்கிழமை.
மறு சனிக்கிழமை சம்பத்துக்கு டெங்கு.
அன்றைக்குப் போட்டி ஹட்டனில்,
என் வீட்டிலிருந்து ஏழு மைல்.
யாருக்கும் சொல்லவில்லை.
ஆனாலும் மேல் டிவிஷன் பொடியன்கள்
மூன்று ஆட்டோவில் பதினேழு பேராய் வந்திறங்கினார்கள்.

அறுபதாவது நிமிடம் பனி இறங்கியது.
முதலில் எதிர்க் கோல் போனது,
அப்புறம் நடுவட்டம்,
அப்புறம் எங்கள் பின்வரிசையில் இரண்டு பேர்.
விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு
நிறுத்துவதா என்று யோசித்தபடி ஓடினார் நடுவர்.
எனக்குப் பந்து சத்தமாக மட்டும் வந்தது.
பூட்ஸில் பட்டால் ஒரு சத்தம்,
ஈரப் புல்லில் வழுக்கினால் இன்னொன்று.
சத்தமே இல்லாவிட்டால்
அது ஆகாயத்தில்.

எண்பத்தேழு.
வெள்ளைக்குள்ளிருந்து வெள்ளையாய் ஒன்று, தாழ்வாய், இடப்பக்கம்.
விழுந்தேன்.
விரலில் பட்டது, ஒட்டியது, இழுத்து
நெஞ்சுக்குக் கீழே போட்டுப் படுத்துக்கொண்டேன்.

எங்கிருந்து இழுத்தேன் என்பது எனக்குத் தெரியும்.
கோட்டுச் சுண்ணாம்பு
கையுறையின் மணிக்கட்டுப் பட்டியில் இருந்தது.
விரல் இருந்தது அதற்கு அப்பால்.
விரலில் பந்து.

அவர்களுடைய ஒன்பதாம் இலக்கம், பர்ஹான்,
இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினான்,
பத்து அடியில் காணாமல் போனான்.
கோட்டு நடுவரின் கொடி தொங்கியது.
கொடியும் அவருக்குத் தெரிந்திருக்காது.
நடுவர் என் தலைக்கு மேல் வந்து நின்றார்.
கேட்கவில்லை.
பார்த்தார்.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை
நானும் இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.
மணிக்கட்டை வயிற்றுக்குக் கீழே நகர்த்தினேன்,
அவ்வளவுதான்.

பூச்சியம், பூச்சியம்.
ஒன்றும் பார்க்காத பதினேழு பேரும்
ஆட்டோ ஸ்டாண்டில் நின்று அதைப் பிடித்துக் காட்டினார்கள்.
ஒருத்தன் பறந்தான்.
ஒருத்தன் ஒற்றைக் கையால்.
ஒருத்தன் பிளேன்டி கிளாசைக் கீழே வைத்துவிட்டுத்
தார் ரோட்டிலேயே விழுந்தான்,
முழங்கை சிராய்த்தது, சிரித்தான்.
நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை ஒப்பந்தம் இரண்டு சீசனுக்கு நீண்டது.
இம்முறை தமிழிலும் ஒரு பிரதி.
புது ஜெர்சியில் பெயர்
எல்லா எழுத்துகளோடும் வந்தது.

பர்ஹானைக் களுத்துறையில் பார்ப்பேன் என்றிருந்தேன்.
ஒன்பதில் வேறு யாரோ.
"அவன் கட்டார் போயிட்டான்" என்றார் நானா,
தோளில் ஐஸ் பையை மாற்றியபடி.
"கோல் அடிக்காதவனை யாரு வச்சிருப்பா?"

நான் லேஸைக் கட்டினேன்.
ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்.

சில மாலைகளில், பயிற்சி முடிந்து
எல்லோரும் பஸ்ஸுக்குப் போனபின்,
கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வைத்து
விரல் விரித்து அளக்கிறேன்.
கையுறையோடு அளந்தால்
சாணுக்குச் சற்றுக் குறைவு.
கழற்றி அளந்தால்
சரியாக ஒரு சாண்.