நாரத்தை முள்

தகரடப்பாவில் மூன்று உருக்கு ஊசிதான் மிச்சம்,
மூன்றிலும் துரு.

துரை பங்களா ஓட்டலாகிய மாதம்
சாமான் அறை கூட்டிய பதினொரு நாளுக்கு
பாதியைக் காசாகவும்
மீதியைப் பெட்டியாகவும் கொடுத்தார் புது மேனேஜர்.
"சாவி குடுத்தா பாடும்," என்றார்.

பாடியது.
முதல் ஊசியிலேயே லயம் முழுக்க எழும்பிவிட்டது.
பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை,
இடைச்சுவர் கூரை வரை போகாது.
ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால்
பத்து வீடு தும்மும்.

இந்தப் பெட்டியில் சத்தம் குறைக்கத் திருகு கிடையாது.
ஊசிதான் திருகு:
தடித்த ஊசி கத்தும்,
மெலிந்த ஊசி பேசும்.

மூன்றாம் ஊசியும் ஓடி முடிந்தபோது
தட்டின் மேல் கரி போலத் தூள்.
விரலில் எடுத்துப் பார்த்தேன்.
அது பாட்டு என்று புரியக் கொஞ்ச நேரமானது.

உரசினால் இரண்டில் ஒன்று தேயத்தான் வேண்டும்.
ஊசியே தேயட்டும் என்று முடிவெடுத்தேன்.

தலவாக்கலைக் கடையில் தையல் ஊசி தந்தார்கள்.
அதுவும் உருக்குதான், பாட்டுக்காரியின் 'ழ'வை எல்லாம்
'ஸ' ஆக்கியது. தூக்கிப் போட்டேன்.
கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி
பல்லவி முடியுமுன் நாராய்ப் பிரிந்தது
(வருசம் முழுக்க நம்மை வேலை வாங்குகிற செடி,
ஒரு பாட்டுக்கு உழைக்காது).
மூங்கில் தேவலை. முக்கோணமாய்ச் சீவி
எண்ணெயில் ஊறவைத்தால் ஒரு பக்கம் தாங்கும்,
ஆனால் கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போல.
கானோரம் கிடந்த முள்ளம்பன்றி முள்
அழகாய்ப் பாடியது.
அது ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது.

பிறகுதான் நாரத்தை மரத்தைப் பார்த்தேன்.

மரம் செபமாலையுடையது.
அவருடைய லீக்ஸ் பாத்திக்கும் என்னுடையதற்கும் நடுவே
முக்கால் முழக் கான் ஒன்று ஓடுகிறது.
அது யாருடையது என்பதில்
இரண்டு வருசமாய்ப் பேச்சில்லை.
பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட
வாளிகள்தான் இடித்துக்கொள்ளும்.

விடியுமுன் போய் நாலு முள் ஒடித்தேன்.
அடுப்பு மேல் உலர்த்தி, உப்புத்தாளில் உருட்டி உருட்டித்
தேய்த்தால் கூர் வரும்.
அவசரப்பட்டால் நுனி போய்விடும்.
ஒரு பக்கத்துக்கு ஒரு முள்.
ஏழு தட்டில் ஆறு இங்கிலீஸ் வாத்தியம்.
ஏழாவதில் லேபிளைக் கரையான் தின்றிருந்தது.
அந்தத் தமிழ்க்காரி யாரென்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

முள் வைத்த இரவு
இரைச்சல் பாதி அடங்கிப்போனது.
உருக்கு ஊசி காட்டாத ஒன்று கேட்டது:
பாட்டு முடிந்து, தபேலா நின்று,
வெறும் கோட்டில் தட்டு சுற்றும்போது
யாரோ இருமினார்கள்.
ஆம்பிளை இருமல். அடக்கப் பார்த்து, முடியாமல்.

சுவருக்கு மேலேயிருந்து குரல் வந்தது.
"யாரு இருமுனது?
ஒங்க வீட்ல யாருக்காச்சும் சொகமில்லையா?"

இரண்டு வருசத்தில் முதல் வார்த்தை.
"பாட்டுக்குள்ள," என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
மழை தகரத்தில் நடந்துகொண்டிருந்தது.

"இன்னொருக்கா போடு."

"முள்ளு மழுங்கிருச்சி," என்றேன்
யோசிக்காமல்.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன்.

கட்டில் கிரீச்சிட்டது.
செபமாலை எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.
"கீழ்க் கொப்புல ஒடிக்காத.
அது பச்ச முள்ளு, சீக்கிரம் மடங்கும்.
உச்சியில காஞ்சது இருக்கு,
ஏணி வச்சி எடு."

தகரடப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு
என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

"ஆனா," என்றார் திரும்பப் படுத்துக்கொண்டே,
"கான் என்னோடது."