மானுக்கு

சாம்பியாவிலிருந்து மச்சான் அனுப்பிய குரல்பதிவில்
முதலில் காற்று.
பிறகு ஒரு சொடக்.
கொஞ்சம் விட்டு இன்னொன்று.
“கேட்டியா? அதுதான்” என்கிறார்.

மரகதச் சுரங்கத்து வேலிக்கு அப்பால் மேய்கிறதாம்.
எருமை அளவு, இல்லை,
எருமைமேல் அரை எருமை ஏற்றிவைத்த அளவு.
பேர் ஈலண்ட். மான் சாதி.
மானா என்றேன்.
எனக்குத் தெரிந்த மான்
காலண்டரில் ஒடுங்கி நிற்கும், தொட்டால் உடையும்.

இதற்குக் கழுத்தடியில் காளைபோல் அலைதாடி,
நடக்க நடக்க ஆடும்.
கொம்பு பனைநாரை முறுக்கிய முறுக்கு.
விலாவில் சுண்ணாம்பு விரலால் இழுத்த கோடுகள்,
கருப்பட்டி நிறத்தின்மேல்.
வயதேற ஏறக் கிடாவின் கழுத்து மட்டும்
மழைக்கு முந்தின நம் கடல்போல் கறுத்து நீலமாகும்.
நெற்றியில் ஒரு புதர் மயிர்.
அதில் சேற்றையும் தன் மூத்திரத்தையும் பூசிக்கொண்டு
மாப்பிள்ளை மாதிரி திரியும் என்று சொல்லிச் சிரித்தார்.
இத்தனை கனத்தோடு
நின்ற இடத்திலிருந்தே ஆளுயர வேலியைத் தாண்டுமாம்.
அத்தர் பூசின எந்த மாப்பிள்ளை தாண்டினான்?

நாள்கணக்கில் தண்ணீர் தேடாது.
தின்கிற இலையின் ஈரம் போதும்.
பகலில் உடம்புச் சூட்டை ஏறவிட்டு
ராத்திரிக் காற்றில் இறக்கிக்கொள்ளும்,
வேர்வையில் சொட்டு வீணாக்காது.
“அப்படியென்றால் இங்கே மாற்றிவிடச் சொல்லுங்கள்,
தண்ணியில்லாக் காட்டுக்கு.
குடம் பத்து ரூபாய் விற்கும் நம் தெருவில்
நானே வீடு பார்த்து வைக்கிறேன்.”

விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.
ஆனால் மறுவாரம் ஏர்வாடி பஸ்ஸில்,
ஜன்னலோரம்,
உடைமரங்கள் குடை விரித்து நிற்பதைப் பார்த்தேன்.
யாருக்காக விரித்தீர்கள் என்று
இத்தனை வருஷம் கேட்டதில்லை.
வெள்ளாடு ஒன்று பின்னங்காலில் எழும்பிக்
கீழ்க்கொப்பை மட்டும் எட்டியது.
மேல்கொப்பு முழுக்க அப்படியே இருந்தது,
வராத ஒருவருக்கு மூடிவைத்த சோறுபோல.

குட்டிகள் தாயைவிட
ஒன்றோடொன்றுதான் ஒட்டும்,
ஒன்றையொன்று நக்கிக்கொண்டே கூட்டமாய்க் கிடக்கும்;
பெரிய கிடாக்கள் தூரத்தில், தனியே.
இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.
எங்கள் மாடியில் அப்போது
நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
நாலு வாப்பாவும் நாலு தேசத்தில்.

அந்தச் சொடக் முட்டியிலிருந்து வருகிறதாம்.
உடம்பு பெருக்கப் பெருக்க ஓசை ஆழமாகும்.
இன்னார் வருகிறார் என்று
மற்றக் கிடா கேட்டு விலகிக்கொள்ளும்.
சண்டை மிச்சம்.

நேற்றிரவு அந்தப் பதிவை
இயர்போன் வைத்து மறுபடி கேட்டேன்.
வேலிக்கு அப்பால் நிற்பதன் சத்தம்
ஏன் இத்தனை பக்கத்தில்?
கடைசியில் “இரு, யாரோ கூப்பிடுறாங்க” என்று எழுந்திருக்கிறார்.
அதே சொடக்.
இரண்டு எட்டு. இன்னொரு சொடக்.

போகும்போது நாற்பத்தெட்டு.
நான் எண்ணவில்லை,
நோன்புகள் எண்ணிக்கொண்டன.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை லுசாகாவுக்குப் பறக்கிற ஹசனுத்தீனிடம்
தொதல் டப்பாவோடு
வலித்தைலம் ஒரு புட்டி கொடுத்துவிட்டேன்,
மூடிக்குமேல் காகிதம் ஒட்டி:
மானுக்கு.