மூன்றாம் வரிசை, இரண்டாம் கல்

சித்தையா ரோட்டில் நான்காவது கடை.
செங்கல் சுவர் வேண்டும் என்றதும்
அப்சர் உள்ளே போய்
ஒற்றைக் கையில் ஒரு சுவரைத் தூக்கி வந்தார்.

தெர்மாக்கோல், பிவிசி, ஜிப்சம், ஃபைபர் சிமெண்ட்.
மேசைமேல் சீட்டுக்கட்டாய் விரித்தார்.
சிவப்பு, பழஞ்சிவப்பு, புகை பிடித்த சிவப்பு,
வெள்ளையடித்து உரிந்த மாதிரி ஒன்று.
உரிந்ததற்கு அடிக்கு இருபது ரூபாய் அதிகம்.

நான் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவள்.
கண்ணை நம்பி எதையும் வாங்கிப் பழக்கமில்லை.
விரலை மடக்கித் தட்டினேன்.
தெர்மாக்கோல், தொண்டை கட்டிய ஆள்.
பிவிசி, காலி டிபன் டப்பா.
ஜிப்சம் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னது.
சிமெண்ட் மட்டும்
யாரது என்று கேட்டது.

"எல்லாரும் தடவிப் பாப்பாங்க மேடம்,
நீங்க ஒருத்தர்தான் கதவத் தட்றீங்க."

லிங்கராஜபுரத்தில் பட்டறை,
பன்னிரண்டுக்குப் பதினெட்டு, ஹாலோ பிளாக் சுவர்.
மழை பிடித்தால் பின்சுவர் மூலையில்
யாரோ படுத்து எழுந்த மாதிரி ஓர் ஈரம்.
செங்கல், வினோலியாவின் யோசனை.
பட்டறையில் அவளுக்குப் பாதிப் பங்கு,
கணக்கு நோட்டில் முழுப் பங்கு.
சரிசெய்த ஆம்ப்ளிஃபயரைப் படம் எடுத்தால்
பின்னால் அந்த ஈரம்தான் முதலில் தெரிகிறதாம்.
செங்கலுக்கு முன்னால் வைத்தால்
அதே பெட்டிக்கு முந்நூறு கூட்டிக் கேட்கலாமாம்.

பொய்தானே அது, என்றேன்.
"இதோ இந்தத் தேக்கு ஸ்பீக்கர்? இது மட்டும் தேக்கா?"
மரத்தூள் பலகை, மேலே தேக்குப் படம் போட்ட தாள்.
பிரிந்த ஓரங்களுக்குப் பசை தடவியது
இந்தக் கைதான்.
பேச்சு அத்தோடு முடிந்தது.

சிமெண்ட்தான் என் காதுக்குப் பிடித்தது.
விலையைச் சொன்னார். பிடித்தது போனது.
ஜிப்சம் ஈரத்தில் ஊறும்.
"எத ஒட்டினாலும் மொதல்ல ஓதத்த நிறுத்துங்க.
செங்கல் தண்ணிய மறைக்கும் மேடம், குடிக்காது."
விற்க வந்தவர் சொன்னதில்
அது ஒன்றைத்தான் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆக, பிவிசி. பதினான்கு பலகை.
டப்பாச் சத்தம் வராதிருக்க
செத்த ஸ்பீக்கர்களின் வயிற்றிலிருந்து
இத்தனை வருடம் உருவிச் சேர்த்த பஞ்சைப்
பின்னால் அடைக்கச் சொன்னேன்.
ஒட்ட வந்த திரிநாத்
ஒடியாவில் ஏதோ சொல்லிச் சிரித்தான்,
ஆனால் அடைத்தான்.

மூன்றாவது பலகை ஏறும்போதுதான் பார்த்தேன்.
மூன்றாம் வரிசை, இரண்டாம் கல்,
வலது மூலை உடைந்திருக்கிறது, அழகாக.
அடுத்த பலகையிலும்
மூன்றாம் வரிசை, இரண்டாம் கல்.
அதற்கடுத்ததிலும்.
கீறல் விழுந்த ரெக்கார்ட் மாதிரி
ஒரே இடத்தில் உடைந்து உடைந்து போகும் சுவர்.

சிலதைத் தலைகீழாக ஒட்டு, என்றேன்.
ஒட்டினான். உடைசல்கள் கலைந்தன.
ஆனால் அச்சில் பதிந்த நிழல்
சில கல்லுக்குக் கீழே விழுந்தது,
சில கல்லுக்கு மேலே.
எங்கள் பின்சுவருக்கு மட்டும் இரண்டு சூரியன்.
வினோலியா கவனிக்கவில்லை.
கேமராவும் கவனிக்கவில்லை.

ராத்திரி ஒரு சப்வூஃபரை ஓட்டிப் பார்த்தேன்.
அறுபது ஹெர்ட்ஸ் வந்ததும்
சுவரில் எங்கோ ஒன்று பல்லைக் கடித்தது.
கல் கல்லாகக் காதை வைத்துப் போனேன்,
பிள்ளையின் மார்ச்சளி கேட்பதுபோல.
கிடைத்தது. ஒரு திருகாணி போதும்.
துளை போடும்போது
அதன் மூலை சின்னதாய்ப் பிளந்தது,
உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்.

பெட்டி மறுநாளே விற்றது.
முந்நூறு கூட்டித்தான் கேட்டாள்.
வாங்க வந்தவர் சுவர்ப்பக்கம் நடந்து,
பிளந்த அந்தக் கல்லில் கைவைத்து,
"இது மட்டும் டூப்ளிகேட் மாதிரி இருக்கே"
என்றார்.